குதிரையும் உதைக்கட்டும்

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் எண்டு பகடை உருட்டிக் கதை நடத்திற விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வந்தது. லா சப்பலில் எங்கட பெடியளும் விளையாடுகினம்.

அதின்ர 2014ஆம் ஆண்டு விதியின்படி, நீங்கள் ஏறி நடத்திற குதிரை விரைந்தோடலாம், சண்டையிலிருந்து விலகலாம், அடிக்குத் தப்பலாம். உதைக்க ஏலாது. ஆனால் ஆளில்லாத போர்க்குதிரைக்குக் குளம்படி உண்டு! ட்ராகன் மாதிரி அறிவுள்ள மிருகமெண்டால், ஆளைச் சுமந்துகொண்டே தன்ர விருப்பத்துக்குக் கடிக்கும். 2024 பதிப்பிலும் ஏறின குதிரைக்கு அதே மூண்டு வேலைதான்.

குதிரையும் உதைச்சால் ஏறினவனுக்கு ரெண்டு அடி கிடைச்சிடும் எண்டு நியாயம் சொல்லுவினம். அப்பிடியெண்டால் அவன் தன்ர அடியை விட்டுக்குடுக்கட்டும், குதிரை உதைக்கட்டும். கணக்குச் சரிதானே?

குதிரையின்ர வீரத்துக்கெண்டே எங்கட புறப்பொருள் வெண்பாமாலையில் குதிரைமறம் எண்டொரு துறை இருக்கு. சொல்வழி கேட்டுச் சுமக்கிறதுக்குத்தான் எங்கையும் பல்லுப் பிடுங்கினம். விளையாட்டிலயாவது வேண்டாமே.