ஜி20 கணக்கை இனியாவது காட்டுங்கள்

மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் திரு. ஜெய்சங்கர் அவர்களுக்கு,

1977-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து, வெளியுறவுச் செயலராக உயர்ந்து, 2019 முதல் அதே துறைக்கு அமைச்சராகவும் இருப்பவர் தாங்கள். அரசுப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும், யாரிடம் கணக்கு இருக்கும் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. கேட்பது ஒன்றுதான்: இந்தியாவின் ஜி20 தலைமைக்காக அமர்த்தப்பட்ட பணியாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் எவ்வளவு செலவானது? இதைக் கேட்ட மனுக்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. பதில் வரவில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

2022 பிப்ரவரியில் ஜி20 செயலகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வெளியுறவு, நிதி உள்ளிட்ட அமைச்சகங்களின் அலுவலர்களும் துறை வல்லுநர்களும் அதில் இருப்பார்கள், 2024 பிப்ரவரி வரை அது இயங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. பிறகு ஓராண்டில் ஏறத்தாழ 60 நகரங்களில் 200-க்கும் மேற்பட்ட கூட்டங்கள். கல்விப் பணிக்குழு சென்னையில் கூடியது. விருந்தினரை விமான நிலையத்தில் வரவேற்பது முதல் தீர்மான வரைவு எழுதுவது வரை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். 2023-24 பட்ஜெட்டில் தங்கள் அமைச்சகத்தின் கீழ் இதற்கு 990 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

2023 செப்டம்பரில் டெல்லி உச்சி மாநாட்டையொட்டி ஒரு செலவுப் பட்டியல் வெளிவந்தது. நாடாளுமன்ற மேசையில் வைக்கப்பட்ட பட்டியல் அல்ல. தங்கள் துறையின் அப்போதைய இணை அமைச்சர் மீனாட்சி லேகி எக்ஸ் தளத்தில் பகிர்ந்தது. மொத்தம் 4,100 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனத்தின் கணக்கு. டெல்லி காவல்துறைக்கு 340 கோடி, புதுடெல்லி நகராட்சி மன்றத்துக்கு 60 கோடி, வனத்துறைக்கு 16 கோடி. ஒதுக்கீட்டைப்போல் நான்கு மடங்கு ஏன் என்று எதிர்க்கட்சிகள் கேட்டதும், பெரும்பாலான தொகை நிரந்தரக் கட்டுமானத்துக்கானது, ஜி20-க்கு மட்டுமானதல்ல என்று அரசு மறுத்தது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்கலாம். மாநாடு நடந்த பாரத் மண்டபம் இன்றும் நிற்கிறது, பயன்படுகிறது. கட்டடத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? பூச்செடிக்கும் தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் தலைப்பு இருந்த பட்டியலில், ஈராண்டு உழைத்த மனிதர்களுக்கும் ஆலோசனைக் கட்டணங்களுக்கும் எவ்வளவு போயிற்று என்று அறிய வழியில்லை.

தங்கள் அமைச்சகத்தில் போதிய ஆள் இல்லை என்பது வெறும் வதந்தி அல்ல. 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே அதைச் சொன்னது: மொத்தப் பணியிடங்கள் 4,888, அவற்றில் வெளியுறவுப் பணி அதிகாரிகள் 1,011 பேர்தான். தலைமையகத்தின் 57 பிரிவுகளைக் கவனிக்க 334 பேர். இவ்வளவு பற்றாக்குறையில் 200 கூட்டங்களை நடத்தினால் வெளியாட்களை அமர்த்தித்தான் ஆக வேண்டும். அதில் குற்றம் காண எவருக்கும் உரிமை இல்லை. எத்தனை பேர், எந்த அடிப்படையில் தேர்வானார்கள், என்ன சம்பளம், செயலகத்தின் காலம் முடிந்ததும் அவர்கள் கற்றுக்கொண்டது எங்கே போயிற்று என்பதை மறைப்பதுதான் குற்றம்.

ஆம், மறைப்பது. மூன்றாண்டு மௌனத்துக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை, அமைச்சர் அவர்களே.

2026-இல் பிரிக்ஸ் தலைமையும் இந்தியாவிடம் வந்திருக்கிறது. மறுபடியும் கூட்டங்கள், மறுபடியும் ஒப்பந்தப் பணியாளர்கள். உலக மேடையில் எந்த நாட்டின் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் நீங்கள். அந்த மேடைக்குப் பணம் கொடுத்தவர்களின் கேள்விக்கு மட்டும் ஏன் பதில் இல்லை? ஜி20 செயலகத்தின் பணியாளர், ஆலோசகர் செலவைத் தனித்தனியே பிரித்து நாடாளுமன்றத்தில் வையுங்கள். பிரிக்ஸ் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் இது வராவிட்டால், காரணத்தையாவது அவையில் எழுந்து நின்று நீங்களே சொல்லுங்கள்.