சீட்டு எழுதிக் கொடுத்தால் கடமை முடிந்ததா?



பிரசவத்தில் மரணிக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மையித்து வீட்டில் இதைச் சொல்லித்தான் பெற்றவளைத் தேற்றுகிறோம். தேற்ற வேண்டியதுதான். ஆனால் மறுமையின் அந்தஸ்தைப் பேசிவிட்டு, இம்மையில் கடமை தவறியது யார் என்ற கேள்வியையும் சேர்த்தல்லவா கப்ரில் வைத்து மண் தள்ளிவிட்டு வருகிறோம்? இது என்ன நியாயம்?

திண்டிவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைச் சாலையும், புதுவைச் சாலையும், செஞ்சி வழியாக வரும் திருவண்ணாமலைச் சாலையும் கூடுகிற ஊர். மரக்காணம் கடற்கரையிலிருந்தும் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கர்ப்பிணிகள் இங்கே வருகிறார்கள். இங்கே முடியாது என்றால், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி முண்டியம்பாக்கத்தில் 2010-ல் திறக்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கேயும் முடியாது என்றால் புதுவை ஜிப்மர். வரைபடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது சில சமயம் இரண்டே மணி நேரம்! முதல் வாசலில் அரை மணி, ஆம்புலன்ஸுக்கு அரை மணி, சாலையில் முக்கால் மணி. அடுத்த வாசலில் ரத்த வகை பார்ப்பதிலிருந்து எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊர் வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். எட்டு மாதக் கர்ப்பிணி. தலைவலி, கண் மங்கல் என்று போனவளைக் காத்திருக்க வைத்தார்கள். வலிப்பு வந்த பிறகு, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று ஒரு சீட்டு. சீட்டில் ஒரே ஒரு வரி. கூட நர்ஸ் வரவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில், "என்ன ஊசி போட்டார்கள்?" என்று எழுதப் படிக்கத் தெரியாத தாயாரிடம் கேட்டார்கள். கணவர் சவூதியிலிருந்து போனில் அழுதுகொண்டிருந்தார். அவள் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை பிழைக்கவில்லை.

டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மயக்க டாக்டர் இல்லாத இரவில் டூட்டி டாக்டர் தனியாக ஆபரேஷன் செய்துவிட முடியாது. அனுப்புவது குற்றமல்ல; அனுப்புகிற விதம்தான் குற்றம். வலிப்பு என்றால் மெக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் அளவைப் போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ரத்தப்போக்கு என்றால் கருப்பை சுருங்க மருந்து கொடுத்து, டிரிப்ஸ் ஏற்றி அனுப்ப வேண்டும். கொடுத்ததையெல்லாம் நேரத்தோடு சீட்டில் எழுத வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் கூடப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் போனை எடுத்து, "இப்படி ஒரு பெண் வருகிறாள், ரத்தம் தயாராக இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். ஒரு போன்! இதற்கு எந்த உலக வங்கிக் கடனும் தேவையில்லையே?

தமிழ்நாடு முன்னோடி மாநிலம் என்கிறார்கள். மறுக்கவில்லை. 2008-லேயே 108 வந்தது. 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அப்படியானால் 2018-20 கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இங்கே 54 தாய்மார்கள் இறந்திருக்க, பக்கத்துக் கேரளாவில் 19 பேர் மட்டும் இறந்தது எப்படி? பிறகு எண்ணிக்கை குறைந்திருப்பது நல்ல செய்திதான். ஆனால், 'வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள், அதனால் இறந்தாள்' என்ற பழைய சமாதானம் இனி செல்லாது. அவள் வாசலுக்கு வந்துவிட்டாள் ஐயா!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996-ல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றது. எங்கே படுக்கை இருக்கிறது என்று அறிந்து அனுப்பத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது. டெல்லியில் 2009-ல் ஓர் ஏழை முஸ்லிம் பெண் மரத்தடியில் பிள்ளை பெற்ற வழக்கில், 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பெல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். நள்ளிரவில் ரத்தம் கொடுக்க ஓடுகிற வாலிபர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், பெருமைதான். ஆனால் ஆண் டாக்டர் பார்ப்பாரா, வெளிநாட்டில் இருப்பவரிடம் கேட்க வேண்டாமா என்று ஒரு மணி நேரத்தை வீட்டுத் திண்ணையிலேயே தொலைப்பவர்கள் யார்? உயிர் போகிற நேரத்தில் ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் தடையில்லை என்று மிம்பரில் ஒரு ஜும்ஆவிலாவது சொன்னோமா?

திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி, மரக்காணம் ஜமாஅத் நிர்வாகிகளே! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். உங்கள் பகுதி அரசு மருத்துவமனையிலிருந்து கடந்த ஆண்டு எத்தனை கர்ப்பிணிகள் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்? எந்த நேரத்தில்? என்ன காரணத்துக்காக? எத்தனை பேருடன் நர்ஸ் போனார்? எத்தனை பேருக்காக முன்கூட்டியே போன் செய்யப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும். வருகிற ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் உட்கார்ந்தே எழுதி அனுப்புங்கள். வருகிற பதிலின் நகலை எமக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், இரண்டையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.