'ஓ.ஆர்.எஸ்' லேபிளுக்குத் தடை... பாக்கெட்டில் இத்தனை நாள் நாம் குடித்தது என்ன?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மெடிக்கல் ஷாப்பில் 'ஓ.ஆர்.எஸ் ஒண்ணு கொடுங்க' என்கிறோம். கைக்கு வருவதோ ஆரஞ்சு, ஆப்பிள் ஃப்ளேவரில் ஒரு டெட்ரா பேக். ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்துவிட்டு, 'அப்பாடா' என்று நிம்மதியாகிவிடுகிறோம். பல வருஷமாக நடந்தது இதுதான்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துச் சுமார் 8 ஆண்டுகள் குரல் கொடுத்தார், நீதிமன்றத்துக்கும் போனார். 2025 அக்டோபர் 14-ல், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அதிரடி உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாப்படி இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் 'ஓ.ஆர்.எஸ்' என்ற வார்த்தை இருக்கக் கூடாது. 'இது அந்த ஓ.ஆர்.எஸ் அல்ல' என்று லேபிளில் ஒரு வரி போட்டால் போதும் என 2022-ல் கொடுத்த சலுகையும் ரத்து!

பெயரில் என்ன இருக்கு?

உடலில் நீர் வற்றும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை. சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. நரம்பு, தசை, இதயத்துடிப்பு எல்லாம் ஒழுங்காக இயங்க இந்த எலக்ட்ரோலைட்டுகள் சரியான அளவில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் சோடியம் இன்னும் குறையலாம்.

நம் சிறுகுடலில் ஒரு 'ஜோடி கதவு' இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். கடுமையான பேதியிலும் இந்தக் கதவு வேலை செய்யும். இதுதான் ஓ.ஆர்.எஸ்ஸின் ரகசியம். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

சர்க்கரை எங்கே வில்லனாகிறது?

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு:

* குளுக்கோஸ் - 13.5 கிராம்
* சாதாரண உப்பு - 2.6 கிராம்
* டிரைசோடியம் சிட்ரேட் - 2.9 கிராம்
* பொட்டாசியம் குளோரைடு - 1.5 கிராம்

சாதாரண கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். இப்படி சர்க்கரை அதிகமுள்ள பானம் பேதியாகும் குடலுக்குள் போனால், உடலில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். பேதி நிற்பதற்குப் பதில் அதிகமாகும். பெரியவர்கள் சமாளித்துவிடலாம். கைக்குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்னை.

என்ன செய்யலாம்?

* பவுடர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். டபிள்யூ.ஹெச்.ஓ ஃபார்முலா என்று இருக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும்.
* பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில், முழு பாக்கெட்டையும் கரையுங்கள். 'பாதி இப்போ, பாதி அப்புறம்' வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.
* அவசரத்துக்குப் பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும்.
* 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50-100 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.
* கண்கள் குழிவிழுவது, அழுதால் கண்ணீர் வராதது, சிறுநீர் குறைவது, சோர்ந்து துவள்வது... இவை தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி!

அரை மணி நேர ஜிம்முக்கு ஓ.ஆர்.எஸ் தேவையில்லை, தண்ணீரே போதும். வெயிலில் வியர்த்து வந்தால் உப்புப் போட்ட நீர்மோர் நல்ல சாய்ஸ். பி.பி., சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றிக்கொண்டு அதே இனிப்புப் பானம் நாளை 'எலக்ட்ரோலைட் டிரிங்க்' என்று அதே ஷெல்ஃபில் நிற்கலாம். அதில் தப்பில்லை, அது ஜூஸ் மாதிரி ஒரு பானம். பேதிக்கு மருந்து அல்ல. அடுத்த முறை கடையில், 'தண்ணியில கலக்குற ஓ.ஆர்.எஸ் பவுடர் கொடுங்க' என்று தெளிவாகக் கேளுங்கள்.