உறையைத் திருப்பிப் பார்த்து சோப்பு வாங்குங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரின் கையைக் கவனித்தால் தெரியும். விரலிடுக்கில் காய்ந்த ஒட்டுப்பால்; பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் பட்டுப் பட்டுச் சொரசொரத்த தோல். வேலை முடிந்ததும் அந்தக் கையைத் துணி துவைக்கும் சோப்பால் தேய்ப்பவர்கள் உண்டு. அழுக்கு போகிறது, தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசையும் கூடவே போகிறது. அப்புறம் வெடிப்பு, அரிப்பு.

நல்ல தோலில் இலேசான அமிலத்தன்மை உண்டு. அதன் பிஎச் 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரண சோப்புக்கு அது 9 முதல் 10 வரை.

தமிழக-கேரள எல்லையின் இருபுறமும் மூலிகை சோப்புக்குத் தனி மரியாதை உண்டு. இரிஞ்ஞாலக்குடையில் சி.ஆர்.கேசவன் வைத்தியர் 1940-இல் சந்திரிகாவைத் தொடங்கினார். ரயில்வே மருத்துவரான வி.பி.சித்தன் 1969-இல் சென்னையில் மெடிமிக்ஸை உருவாக்கியது, ரயில்வே தொழிலாளர்களின் தோல் தொல்லைகளைப் பார்த்துத்தான். மரியாதை நியாயமானதே. ஆனால் பச்சை நிறமும் இலைப் படமும் இருந்தாலே மென்மையான சோப்பு என்று நம்பிவிடக் கூடாது. தேங்காய் எண்ணெய் சோப்பு நன்றாக நுரைக்கும். வறண்ட தோலை அது மேலும் வறளச் செய்யலாம்.

உறையில் டிஎஃப்எம் என்று ஓர் எண் இருக்கும். சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர விதிப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'பேதிங் பார்' என்றால் 40 போதும். தோல் மருத்துவர்கள் எழுதித்தரும் 'சிண்டெட்' கட்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவை சோப்பே அல்ல. அவற்றின் பிஎச் தோலின் பிஎச்சுக்கு நெருக்கமாக இருக்கும். விலைதான் கையைக் கடிக்கும். கட்டுப்படியாகாதவர்கள் டிஎஃப்எம் கூடிய சோப்பைக் கொஞ்சமாகப் போட்டுக் குளித்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

சோப்புக்குப் பதிலாக, தட்டி நாராக்கிய இஞ்சைப் பட்டையை இப்போதும் வாங்கித் தேய்ப்பவர்கள் உண்டு. எண்ணெய்க் குளியலுக்கு அது அருமை. கைக்குழந்தைக்கும் கரப்பான் உள்ளவர்களுக்கும் அந்த நார் வேண்டவே வேண்டாம்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர்கள் இவை. சோப்பின் வகையையும் டிஎஃப்எம் எண்ணையும் இரு மொழியிலும் கண்ணுக்குத் தெரியும்படி நிறுவனங்கள் அச்சிட வேண்டும். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள், சிறு தோட்டமானாலும், அமிலம் கையாளுபவருக்குக் கையுறையும் கை கழுவ நல்ல குளியல் சோப்பும் கொடுக்க வேண்டும்.