குடிபெயர்ந்தவரின் முகவரியும் வாகனமும்: வத்தளைத் தமிழ்க் குடியிருப்பாளர்களின் நிலைப்பாடு

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் போன்ற இடங்களிலிருந்து கொழும்பை அடுத்துள்ள வத்தளைக்கு வந்து குடியேறும் ஒருவர், சாரதி அனுமதிப்பத்திரத்திலும் வாகனப் புத்தகத்திலும் உள்ள முகவரியைத் தன் பிரதேச செயலகத்திலேயே, ஒரே விண்ணப்பத்தில், தமிழிலேயே மாற்றிக்கொள்ள வழி வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. மாகாணம் மாறினால் அனுமதிப்பத்திரமும் மாற வேண்டும் என்று நம்புவோர் எம்மிடையே பலர். அப்படியில்லை. இந்தியாவில் ஒரு வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு இலக்கம் பெற வேண்டும். அமெரிக்காவில் மாநிலம் மாறிக் குடியேறுபவர் அனுமதிப்பத்திரத்தையே புதிதாக எடுக்க வேண்டும். இலங்கையில் இரண்டையும் நாடு முழுவதற்கும் வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒன்றுதான். கிளிநொச்சியில் பெற்ற அனுமதிப்பத்திரம் நீர்கொழும்பு வீதியிலும் செல்லும். ஆண்டுதோறும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் மட்டுமே மாகாண சபைக்குரியது.

இலக்கத் தகட்டிலிருந்த மாகாண எழுத்துகளும் 2023 ஜனவரி 1 முதல் புதிய தகடுகளிலிருந்து நீக்கப்பட்டன. வாகனம் மாகாணம் விட்டு மாகாணம் கைமாறும்போது தகட்டையும் மாற்ற வேண்டியிருந்த சிரமமும் செலவும் அதோடு ஒழிந்தன. அந்த முடிவை மனமார வரவேற்கிறோம். எமக்கு அது செலவுக் கணக்கு மட்டுமல்ல. போர்க் காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களைக் குறிக்கும் 'என்.பி.', 'ஈ.பி.' என்ற எழுத்துகளோடு கொழும்புக்குள் நுழைந்த வாகனத்துக்குச் சோதனைச் சாவடியில் என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை அந்த நாளில் வாகனம் ஓட்டிய எந்தத் தமிழரும் மறந்திருக்க மாட்டார்.

நிரந்தர முகவரி எது என்ற கேள்விக்கும் எம்மிடையே ஒரு வரலாறு உண்டு. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் அந்தச் சம்பவம் விதைத்த அச்சம் இன்னும் அகலவில்லை. முகவரியைக் கேட்கும் அரச அலுவலர் இதை அறிந்து பேச வேண்டும். முகவரி கேட்பது சேவைக்காக இருக்கட்டும், சந்தேகத்துக்காக வேண்டாம்.

சரியான முகவரி இன்று வாகன உரிமையாளருக்கே அவசியம். 2024 ஜனவரி 22 முதல் கொழும்பு நகரில் வீதி விதிமீறல்களைப் பொலிஸார் சிசிரிவி கெமராக்கள் மூலம் கண்டறிகிறார்கள். அறிவித்தல் போவது பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்கு. வத்தளையில் வசிப்பவரின் வாகனப் புத்தகத்தில் இன்னும் சாவகச்சேரி முகவரி இருந்தால், கடிதம் பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் விழும். அவர் விஷயத்தை அறிவதற்குள் வழக்குத் தவணையும் கடந்துவிடலாம்.

பிறகு ஏன் மாற்றிக்கொள்வதில்லை? வாடகை வீடுதான் பெரிய தடை. வதிவிடச் சான்று கேட்டுப் போனால், கிராம சேவகர் வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார். குடியிருப்பவரின் பெயரை அதில் சேர்க்க வீட்டுக்காரர் தயங்குகிறார், பின்னர் வீட்டை விட்டு எழும்ப மாட்டார்களோ என்ற பயம் அவருக்கு. இருவருக்கும் இடையில் அகப்பட்ட குடும்பம் வத்தளையில் பல ஆண்டுகள் வாழ்ந்தாலும் காகிதத்தில் ஊரிலேயே இருக்கிறது. ஆகவே வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், வேலைத்தலக் கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டை வதிவிடச் சான்றாக ஏற்க வேண்டும் என்று கோருகிறோம். முகவரி மாற்றத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் இத்தகைய சான்று வீட்டுக்காரரின் உரிமையைத் தொடாது என்று சுற்றறிக்கையில் எழுதிவிட்டால் அவருடைய பயமும் தீரும்.

மொழி விஷயத்தில் புதிய சட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பின்னர் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தெளிவாகவே இருக்கிறது: சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம், தமிழிலேயே பதில் பெறலாம். சாரதி எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுத முடிகிறது. ஆனால் சித்தியடைந்தவரின் கையில் வீதியில் கொடுக்கப்படும் தண்டப்பத்திரம் பல வேளைகளில் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் குற்றத்துக்குப் பணம் கட்டுகிறோம் என்று அயலவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை ஒரு பிரஜைக்கு வரக்கூடாது. தண்டப்பத்திரமும் முகவரி மாற்றப் படிவமும் மும்மொழியிலும் அச்சிடப்பட்டு, குற்றத்தின் பெயருக்கு நேரே அடையாளமிட்டால் போதும்.

எமது மக்களிடமும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு 'ஓப்பன் பேப்பரில்' வாகனம் வாங்கி ஓட்டும் பழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. வாகனம் கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். விபத்தோ குற்றமோ நடந்தால் முதலில் தேடி வருவது பதிவில் பெயருள்ளவரைத்தான். வாகனத்தை விற்றுவிட்டு நிம்மதியாக ஊரில் இருக்கும் முதியவரைப் பொலிஸ் நிலையத்துக்கு இழுப்பது நியாயமல்ல.

வத்தளைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் வாகனப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள பெயரையும் முகவரியையும் இந்த வாரமே சரிபாருங்கள். வதிவிடச் சான்று மறுக்கப்பட்டால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில், தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.