பந்து வந்த பிறகு யோசிக்கிறார்கள்

ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் ஒருத்தி, மூன்றாவது பேஸில் ஒருத்தி நிற்கிறார்கள். அடித்த பந்து தரையோடு உருண்டு இரண்டாவது பேஸ் காக்கும் பெண்ணிடம் வருகிறது. அழகாகக் குனிந்து எடுத்துவிட்டாள். முதல் பேஸுக்கு ஒரு சின்ன எறி எறிந்தால் கதை முடிந்தது. அடித்தவள் அங்கே வந்து சேர்வதற்குள் பந்து வந்துவிட்டால் மூன்றாவது அவுட். மூன்றாவது பேஸிலிருந்து கிளம்பியவள் அதற்குள் ஹோமைத் தொட்டிருந்தாலும் அந்த ரன் செல்லாது. ஆனால் எங்கள் பெண்ணின் கண்ணில் பட்டது ஹோமை நோக்கி ஓடுகிறவள்தான். அங்கே எறிந்தாள். கேட்சரின் தலைக்கு மேலே போன பந்து வேலியில் மோதி நின்றபோது இரண்டு ரன் போயிருந்தது.

புனேயில் மகளைப் பள்ளி சாஃப்ட்பால் டீமில் சேர்த்துவிட்டு மைதானத்து ஓரத்தில் காத்துக் கிடக்கும் தகப்பன் நான். பந்தைக் கோட்டைவிட்டால் எனக்குக் கோபம் வராது. பதினாலு வயதுப் பிள்ளைகள், விடத்தான் செய்வார்கள். பிடித்த பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நமக்கெல்லாம் கிரிக்கெட் கண். ரன்னைத் தடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். சாஃப்ட்பாலில் செலாவணி ரன் இல்லை, அவுட். 7 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3, ஆக மொத்தம் 21 அவுட். அதற்குமேல் எதிராளிக்குச் சல்லிக்காசு கிடையாது. கையில் வந்த அவுட்டை விட்டுவிட்டு, கிடைக்காத ரன்னரைத் துரத்துவது என்ன புத்தி? பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 60 அடிதான். மூன்று நான்கு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. பிட்சர் கையைச் சுழற்றும் முன்பே, ‘எத்தனை அவுட், எந்த பேஸில் ஆள், என்னிடம் வந்தால் எங்கே’ என்ற மூன்றுக்கும் விடை தயாராக இருக்க வேண்டும்.

ஓடுவதிலும் இதே கூத்துதான். பந்து உயரே போனால், பிடிபட்டதும் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் பந்து அங்கே வந்துவிட்டால் ரன்னரும் அவுட். அதனால் ஒரு அவுட் இருக்கும்போது கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து நிற்பது, இரண்டு அவுட் ஆகிவிட்டால் மட்டை பட்ட சத்தத்திலேயே பறப்பது. இவ்வளவுதான் கணக்கு. எங்கள் பிள்ளைகள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். அதற்கு நாங்களும் துணை. ஒரு பக்கம் மராத்தியில் “பள, பள!” என்று அலறும் அப்பாக்கள். இன்னொரு பக்கம் ராஸ்தா பேட்டிலிருந்து பேத்தி ஆட்டம் பார்க்க வந்த பாட்டி, “ஓடுடி கண்ணு, நிக்காதே!” என்கிறார். பந்து இன்னும் வானத்தில் இருக்கிறது. கண்ணு ஓடியது. பந்து பிடிபட்டது. ஒரே அடியில் இரண்டு அவுட். பாட்டி, “அம்பயர் சரியில்லை” என்றார்.

எறியாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று யாராவது இவர்களுக்குச் சொல்லக் கூடாதா? ரன்னர் பேஸில் கால் வைத்தாயிற்று, இனி வேலையில்லை. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிட்சரிடம் கொடுத்துவிடலாம். பிட்சர் தன் வட்டத்துக்குள் பந்தோடு நின்றுவிட்டால், நடுவழியில் இருக்கும் ரன்னர் முன்னே போவதா பின்னே வருவதா என்று உடனே முடிவெடுத்தாக வேண்டும், ஊசலாடினால் அவுட். விதியே நமக்காக வேலை செய்கிறது. இவர்களோ எறிந்தே தீருவார்கள். எறிந்த பந்து எல்லையைத் தாண்டினால் ரன்னர்களுக்கு இரண்டு பேஸ் இனாம்.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? 1914-இல் டெக்கான் ஜிம்கானாவில் கூடி கோ-கோவுக்கு விதி வகுக்க உட்கார்ந்த ஊர். எங்கள் மைதானத்தின் மறுகோடியில் கோ-கோ ஆடும் பெண்களைப் பாருங்கள். துரத்துகிறவள் ஒரு திசையில் கிளம்பிவிட்டால் கம்பத்தைத் தொடாமல் திரும்ப முடியாது. தானே துரத்துவதா, உட்கார்ந்திருப்பவளுக்கு ‘கோ’ கொடுப்பதா என்று கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்கிறாள். அந்த மூளை ஐம்பது அடி தள்ளி வந்தால் எங்கே போய்விடுகிறது?

எங்கும் போகவில்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். பயிற்சி என்றால் இரண்டு வரிசையில் நின்று எறிந்து பிடிப்பது, பிறகு மட்டை, மட்டை, மட்டை. ரன்னரே இல்லாத மைதானத்தில் எங்கே எறிவது என்ற கேள்வி எப்படி வரும்? சில பெற்றோருக்குச் சான்றிதழும் பத்தாம் வகுப்பில் சேரும் விளையாட்டு மதிப்பெண்ணும் போதும். அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த ஆசை உண்டு.

முன்கூட்டியே யோசித்து ஆடினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 ஜூலை 27, யோகோஹாமாவில் ஒலிம்பிக் சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். ஜப்பான் 2-0 என்று முன்னிலையில் இருக்க, ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்கப் பெண் அறைந்த பந்து மூன்றாவது பேஸைக் காத்த யமமோட்டோவின் கையில் பட்டுத் தெறித்தது. அது தரையில் விழுமுன் ஷார்ட்ஸ்டாப் அட்சுமி பிடித்தார். பிடித்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கணமே இரண்டாவது பேஸுக்கு எறிந்து, விலகிப்போன ரன்னரையும் அவுட் ஆக்கினாரே, அது அதிர்ஷ்டமா? பந்து தெறிக்கும் முன்பே அவருக்கு இடம் தெரிந்திருந்தது. அந்த 2-0 மாறவேயில்லை, தங்கம் ஜப்பானுக்கு.

இதைச் சொல்லிக் கோச் சாரிடம், “மழைக் காலத்தில் மைதானம் சேறாகத்தானே கிடக்கிறது? பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் நாலு பேஸ் வரைந்து, ஆளை நிறுத்தி, ‘இப்போ எங்கே எறிவே?’ என்று கேட்டால் என்ன சார்?” என்றேன். சிரித்துவிட்டு, “அதெல்லாம் ஆட ஆட வரும்” என்றார். வெளியே மழை பெய்ய, வராந்தாவில் பிள்ளைகள் சிட்-அப்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மகளிடம் ஒரு சீட்டு வந்தது: புது மட்டை வாங்கப் பெற்றோர் பணம் அனுப்ப வேண்டுமாம். சாக்பீஸுக்கு யாரும் சீட்டு அனுப்பவில்லை.