'அரசியல் விஞ்ஞானம்' என்று எழுதியிருந்த காதல் கதை

சென்ற தவணை எங்கள் வகுப்பில் ஒரு புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது. பழுப்புத் தாளில் உறை போட்டு, அதன் மேல் 'அரசியல் விஞ்ஞானம்' என்று அழகாக எழுதியிருந்தோம். உள்ளே இருந்ததோ ஜெனி ஹான் எழுதிய 'டு ஓல் த போய்ஸ் ஐவ் லவ்ட் பிபோர்' என்ற ஆங்கில நாவல். அமெரிக்கப் பாடசாலை மாணவி ஒருத்தியின் காதல் கதை. ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பேர் வாசித்தோம். பிறகு இரண்டாம் பாகமும் வந்தது. சிலர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். ஆங்கிலப் பாடத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு பாடுபட்டதில்லை.

என் தோழிகளைக் காட்டிக்கொடுக்க நான் இதை எழுதவில்லை. அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த உறை எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது, அது தேவைதானா என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014 இல் வெளிவந்த இந்த நாவலின் நாயகி லாரா ஜீனுக்குப் பதினாறு வயது. வெள்ளைக்காரத் தந்தைக்கும் கொரிய வழித் தாய்க்கும் பிறந்தவள். தாய் மரணித்துவிட்டார். மருத்துவரான தந்தை மூன்று பெண் பிள்ளைகளையும் வளர்க்கிறார். லாரா ஜீன் தன் மனதில் இடம்பிடித்த ஐந்து பையன்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதி, தாய் தந்த தொப்பிப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அனுப்புவதற்கு எழுதியவை அல்ல, மறப்பதற்கு எழுதியவை. ஒருநாள் அவை தபாலில் போய்விடுகின்றன. அதில் ஒன்று அவளுடைய ராத்தாவை விரும்பியிருந்தவனுக்கு எழுதியது. அந்தச் சங்கடத்திலிருந்து தப்ப, பீட்டர் என்பவனோடு காதலிப்பதுபோல் நடிக்கிறாள்.

இந்தக் கதையை வாசிக்கும் மகள் கெட்டுப்போய்விடுவாள் என்று பெற்றோர் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் வாசித்த பதினொரு பேரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

ஒருத்திக்குப் பீட்டரைப் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை. இன்னொருத்தி மூத்தவள் மார்கோவைப் பற்றியே பேசினாள். தாய் போன பிறகு வீட்டைச் சுமந்த பிள்ளை, படிப்பதற்காக ஸ்கொட்லாந்துக்குப் போகும்போது எல்லோரும் அவளைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது என்று கோபப்பட்டாள். அவளும் வீட்டில் மூத்த பிள்ளை. கடிதங்களை அனுப்பிய சின்னத் தங்கையை மன்னிக்கவே முடியாது என்றாள் மற்றொருத்தி. ஒருத்தி பாதியில் புத்தகத்தைத் திருப்பித் தந்து, "இது எனக்குச் சரிவராது" என்றாள். அவளை யாரும் கேலி செய்யவில்லை. வெள்ளைத் தோல் இல்லாத ஒரு பிள்ளை கதாநாயகியாக இருப்பதே சிலருக்குப் பெரிய விடயமாக இருந்தது. அது வெறும் கற்பனை அக்கறை அல்ல. இதைப் படமாக்க வந்தவர்களில் ஒரே ஒரு நிறுவனம்தான் நாயகி ஆசியப் பெண்ணாகவே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாக ஜெனி ஹான் எழுதியிருக்கிறார். படம் 2018 இல் வந்தது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாவலை நான் முதலில் வாசித்தது பதினைந்து வயதில், போர்வைக்குள், தனியாக. அப்போது பீட்டரைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. அவன் செய்த பிழைகளைக்கூட அழகாகத்தான் பார்த்தேன். பதினாறு வயதில் வரும் விருப்பம்தான் வாழ்க்கை முழுவதும் என்று அந்தக் கதை என்னை நம்ப வைத்தது. ஆகவே, இப்படிப்பட்ட புத்தகங்களால் எந்தத் தீங்கும் இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அதே புத்தகத்தைப் பதினேழு வயதில் பத்துப் பேரோடு பேசிப் பேசி வாசித்தபோது வேறு கதை ஒன்று தெரிந்தது. "அவள் ஏன் அவனை இவ்வளவு இலேசாக மன்னிக்கிறாள்?" என்று ஒருத்தி கேட்டாள். பதினைந்து வயதில் என்னிடம் அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

அவள் கேட்டது இந்தச் சம்பவத்தைப் பற்றி. பாடசாலைச் சுற்றுலாவில் லாரா ஜீனும் பீட்டரும் தனியே இருந்ததை வைத்து நடக்காத ஒன்றை நடந்ததாகக் கதை கட்டுகிறார்கள். பீட்டர் உடனே மறுக்கவில்லை. இரண்டாம் பாகத்தில், அந்த இரவு யாரோ ஒளிந்திருந்து எடுத்த வீடியோ இணையத்தில் பரவுகிறது. சிரிப்பும் ஏச்சும் அவளுக்கு மட்டும். அவனுக்கு ஒன்றுமில்லை.

இடைவேளையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி மெதுவாக, "எங்கட டியூஷன்ல நடந்ததும் இதுதானே" என்றாள். எல்லோரும் அமைதியானோம்.

நாங்கள் போகும் ஒரு டியூஷன் வகுப்பில், ஒரு மாணவன் கொப்பி கேட்க, ஒரு பிள்ளை நின்று கொடுத்தாள். அவ்வளவுதான். யாரோ அதைப் படம் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதி, வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அடுத்த கிழமை அவள் வரவில்லை. அவன் இன்றும் முன்வரிசையில் இருந்து படிக்கிறான். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் "இதை அழியுங்கள்" என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு பெண்ணின் மீது அவதூறு சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று சிறுவயது முதல் ஓதிப் படித்தவர்கள் நாங்கள். அது எங்கள் கைத்தொலைபேசிக்கும் பொருந்தும் என்பதை எங்கேயோ இருக்கும் ஒரு அமெரிக்கப் பிள்ளையின் கதை வந்துதான் நினைவூட்ட வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூவர் பாடக் குறிப்புகளோடு அவள் வீட்டுக்குப் போனோம். வாங்கிக்கொண்டாள். வகுப்புக்கு இன்னும் வரவில்லை.

நடந்ததை அவள் தன் உம்மாவிடம் பத்து நாட்களாகச் சொல்லவில்லையாம். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

நான் உறையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அன்றுதான். சாதாரண ஒரு கதைப் புத்தகத்தையே உம்மாவிடம் காட்டப் பயப்படுபவள், நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் எப்படிச் சொல்வாள்?

என் பிரச்சினையை அல்லாஹ் இலேசாக்கினான். சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கப் போன உம்மாவின் கையில் புத்தகம் அகப்பட்டது. திறந்து பார்த்துவிட்டு, "மகள், அரசியல் விஞ்ஞானம் இப்ப இங்கிலீஷ்லயா படிக்கிற?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஏச்சு வாங்கினேன். பிறகு, "அப்ப கதையச் சொல்லு பார்ப்பம்" என்றார்.

நான்கு இரவுகள், இஷாவுக்குப் பிறகு, உம்மா உடுப்பு மடிக்க நான் கதை சொன்னேன். உம்மாவுக்கு அந்தப் பையன்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை. "தாயில்லாத மூணு பொம்புளப் புள்ள. அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார்" என்று தந்தைக்காகத்தான் கவலைப்பட்டார். வீடியோ பகுதி வந்தபோது கை நின்றுவிட்டது. நான் கேட்டேன்: "எனக்கு இப்படி ஒண்டு நடந்தா உங்கக்கிட்ட சொல்ல ஏலுமா உம்மா?"

உம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஏசுவன் மகள். ஏசினாலும் நீ சொல்லணும்" என்றார்.

இதைவிட நேர்மையான பதிலை நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

அன்பான பெற்றோரே, மகளின் கையில் ஒரு புத்தகத்தைக் கண்டால் பறிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இதில் யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை?" அவள் சொல்லும் பதிலில் அவள் மனதும் தெரியும். பிழையாக விளங்கியிருந்தால் திருத்தவும் வழி கிடைக்கும். பறித்த புத்தகம் இன்னொரு உறையோடு திரும்பி வரும். அப்போது கேட்க முடியாது.

தோழியரே, உறை போடுவதும் ஒரு பொய்தான். மறைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று தோன்றும் பக்கத்தை விட்டுவிடும் துணிவும் நமக்கு வேண்டும்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் மாதம் ஒருமுறை, ஓர் ஆசிரியையின் முன்னிலையில், வாசித்ததைப் பற்றிப் பேச ஒரு வாசகர் வட்டம் அமைத்துத் தந்தால் நன்றாயிருக்கும். போர்வைக்குள் வாசிப்பதைவிட வெளிச்சத்தில் வாசிப்பது கண்ணுக்கும் நல்லது.

புத்தகம் இப்போது எங்கள் வீட்டு மேசையில் உறையில்லாமல் இருக்கிறது. போன கிழமை வந்த சாச்சி அட்டையைப் பார்த்துவிட்டு, "இது என்ன புத்தகம்?" என்று கேட்டார்.

"மகள்ட கதைப் புத்தகம்" என்றார் உம்மா. "நானும் கேட்டுட்டன். மூண்டாம் பாகம்தான் இன்னும் கிடைக்கல."